ஒன்பதாவது டைவுக்கு ஒரு கையெழுத்து

அந்த ஃபேன் பெட்டிய இப்படிக் குடுங்க சார், என் கால் நடுவுல வச்சுக்கறேன். சிதம்பரம் வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா தொடை மரத்துப் போயிடும். அட பரவாயில்ல, குடுங்க. நானும் சிதம்பரம்தான்.

பார்த்தீங்களா, இப்ப ஸ்டாண்டுலேருந்து வண்டிய வெளிய எடுத்தானே டிரைவர், வலது பக்கக் கண்ணாடியப் பார்த்தானா? பார்க்கல. கழுத்து கூடத் திரும்பல. இருபத்தாறு வருஷமா டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கறவன் சார் நான். லாஸ்பேட்டையில வந்து குணசீலன் சார் ஸ்கூல் எதுன்னு கேட்டா பொறந்த குழந்தை கூடக் கை காட்டும். எனக்கெல்லாம் பஸ்ஸுல உக்காந்து வர்றதே ஒரு தண்டனை. கால் தானா பிரேக்கத் தேடும்.

சொந்த வண்டி வச்சிருக்கறவன் எதுக்கு பஸ்ஸுல வர்றான்னு நினைப்பீங்க. வண்டி என் சம்சாரத்துக்கிட்ட இருக்கு. அவ சிதம்பரத்துல அக்கா வீட்டுல இருக்கா. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல இந்த நோட்டப் பாருங்க. கை ஈரமில்லையே? புடிங்க.

இது டைவ் புக்கு. முதுகுல சிலிண்டரக் கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில இறங்கறாங்கல்ல, ஸ்கூபா, அதுக்கு. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறினதும் எழுதணும். தேதி, எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிஷம், என்னத்தப் பார்த்தோம். அடியில ஒரு கோடு இருக்கு பாருங்க, அதுல கூட இறங்கின ஜோடி கையெழுத்துப் போடணும். ஜோடின்னா புருஷன் பொண்டாட்டின்னு அர்த்தமில்ல. தண்ணிக்குள்ள யாரும் தனியா இறங்கக் கூடாது, ரெண்டு ரெண்டு பேராத்தான் இறங்கணும், அந்த ஜோடி. எனக்கு அமைஞ்ச ஜோடி என் சம்சாரம். திருப்புங்க. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் பூங்கோதை, பூங்கோதை, பூங்கோதைன்னு முத்து முத்தா போட்டிருக்கா இல்ல? இப்ப ஒன்பதப் பாருங்க. பதினாறு மீட்டர், நாப்பத்தோரு நிமிஷம், பெரிய திருக்கை மீன். எல்லாம் இருக்கு. கையெழுத்து மட்டும் இல்ல.

இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் சார் நான் வேலை வெட்டிய விட்டுட்டு பஸ்ஸுல இடிபட்டு வந்துக்கிட்டிருக்கேன். சனிக்கிழமை காலையில அடுத்த கோர்ஸுக்குப் படகு கிளம்புது. இத விட்டா மழைக்காலம் வந்துடும், கடல் கலங்கிடும், அப்புறம் தை மாசம் கழிச்சுத்தான். இன்னிக்கு வியாழக்கிழமை. என் நெலமைய நினைச்சுப் பாருங்க.

எங்கேருந்து ஆரம்பிச்சுதுன்னா, ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. இருபத்தேழு வயசிருக்கும். நம்ம ஸ்கூலுக்குக் கார் கத்துக்க வந்துச்சு. என்னம்மா வேலைன்னா கடலுக்கடியில நீந்தக் கத்துக் குடுக்கறேன் சார்னுது. சுறா பக்கத்துல வந்தாலும் அசையாத பொண்ணு, தியேட்டர் சிக்னல்ல பின்னாடி ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான்னா கிளட்ச்ச விட்டுடும். வண்டி நின்னுடும். நான் கத்துவேன். கத்தினாத்தான் சார் மண்டையில ஏறும், என் அனுபவத்துல சொல்றேன். அந்தப் பொண்ணு ஒரு தடவை கூட மூஞ்சிய சுளிக்கல. எட்டு வாரத்துல லைசென்ஸ் வாங்கிடுச்சு. அந்தச் சந்தோஷத்துல, சார், நீங்களும் மேடமும் வாங்க, நான் உங்களுக்குக் கத்துக் குடுக்கறேன்னு கூப்பிட்டுது.

என் சம்சாரம் வரமாட்டான்னுதான் நினைச்சேன். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கற வேலை, காலையில போனா மூணு மணிக்கு வருவா, அப்புறம் வீடு. இவளுக்கு எதுக்குக் கடல்? மறுநாளே போயி நீச்சல் டிரெஸ் வாங்கிட்டு வந்துட்டா. நீச்சல் தெரியுமாடின்னா, பண்ருட்டியில எங்க கொல்லைக் கிணத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் போவேன், உங்களுக்குத் தெரியாதாங்கறா. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். சொன்னாத்தானே சார் தெரியும்.

அடிப்படைப் பயிற்சி ஒரு வாரம். நீச்சல் குளத்துல மூணு நாள், கடல்ல நாலு டைவ். ரெண்டு பேரும் பாஸ். பதினெட்டு மீட்டர் வரைக்கும் இறங்கலாம்னு அட்டை குடுத்தாங்க. எனக்கு இந்த வயசுல ஒரு புது லைசென்ஸ் வாங்கினதுல, நிஜமாச் சொல்றேன் சார், ராத்திரி தூக்கமே வரல.

பிரச்சினையே அதுக்கப்புறம்தான். அந்தப் பொண்ணு மேசை மேல ஒரு அட்டைய வச்சுது. அடுத்து என்ன படிக்கப் போறீங்கன்னு. ஆழம், உடைஞ்ச கப்பல், ராத்திரி டைவ், திசை பார்க்கறது, மிதக்கறது, ஆள் காப்பாத்தறது. ஆறு இருக்கு. என்னைக் கேட்டீங்கன்னா இதுல யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்ல. நம்ம லைன்ல என்ன? கார் லைசென்ஸ் எடுத்தவன் அடுத்து வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ் போடுவான், அதுக்கடுத்து ஹெவி எடுப்பான். லாரி, பஸ்ஸு. மேல மேலதானே போகணும். பதினெட்டு மீட்டருக்கு வாங்கினவன் அடுத்து முப்பது மீட்டருக்குத்தான் போவான். ஆழம்னு விரல வச்சேன்.

அந்தப் பொண்ணு தலைய ஆட்டுது. உங்களுக்கு அடுத்தது மிதக்கறது சார்னுது. அது என்னன்னு கேட்டேன். தண்ணிக்குள்ள மேலயும் போகாம, கீழயும் போகாம, கை கால ஆட்டாம ஒரே இடத்துல நிக்கறதாம். மூச்ச வச்சே நிக்கணுமாம். அதுக்கு ஒரு கோர்ஸாம்.

நிக்கறதுக்கு ஒரு கோர்ஸா சார்? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸும் கையுமா வந்து நிக்கறான். அவன்கிட்டப் போயி, சரிப்பா, அடுத்தது ரெண்டு நாளைக்கு வண்டிய நிறுத்தறது மட்டும்தான்னு சொன்னா அவன் என்ன நினைப்பான்? சிரிப்பானா மாட்டானா?

அதுவும் இவள மாதிரி நிக்கணும்னு சொல்லுதுங்க அந்தப் பொண்ணு. பூங்கோதை தண்ணிக்குள்ள நிப்பா, அத ஒத்துக்கறேன். ரேஷன் கடை வரிசையில நிக்கற மாதிரி அப்படியே கைய மடக்கிக்கிட்டு நிப்பா, ஒரு இம்மி அசைய மாட்டா. அதுல என்ன சார் பெரிய வித்தை? நிக்கறது அவளுக்குப் பழக்கம். லேப் வாசல்ல நான் வண்டி எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் தினம் நிப்பா, சில நாள் அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. நமக்கு வண்டி உருளணும்.

ஏம்மா, நான் என்ன தப்பா பண்றேன்னு கேட்டேன். கைய வீசறீங்க, காத்து சீக்கிரம் தீந்துடுது, மணலக் கிளப்பறீங்கன்னு அடுக்கிக்கிட்டே போச்சு. கடைசியில ஒண்ணு சொல்லிச்சு பாருங்க. "சார், உங்க ஸ்கூல் கார்ல இடது பக்கம் உங்க காலுக்கடியில ஒரு பிரேக் இருக்கே, அத நம்பித்தான் நான் அந்த சிக்னல்ல ஓட்டினேன். தண்ணிக்குள்ள மேடத்துக்கு அந்த பிரேக் நீங்கதான். அவங்க காத்து தீந்தா உங்க சிலிண்டர்லேருந்துதான் எடுத்துக்கணும். நீங்க நின்னாத்தானே அவங்க எட்டிப் பிடிக்க முடியும்."

இருபத்தாறு வருஷமா பிரேக் மேல கால் வச்சு உக்காந்திருக்கறவன்கிட்ட வந்து பிரேக்கப் பத்திச் சொல்லுது. என்கிட்டக் கிளட்ச் கத்துக்கிட்ட பொண்ணு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எந்திரிச்சு வந்துட்டேன்.

இவ என்ன எடுத்தாங்கறீங்க? ஆள் காப்பாத்தறது. ரெஸ்க்யூ. அட்டையப் பார்த்ததும் யோசிக்காம அதத்தான் தொட்டா. நீ யாரடி காப்பாத்தப் போறேன்னு நான் சிரிச்சேன். சும்மா கேலிக்குத்தான் சார். அதுல மொதல் பாடமே தன்னத் தானே காப்பாத்திக்கறதுதானாம், அதச் சொல்லிட்டு அட்டையத் திருப்பி வச்சுட்டா.

இது எந்த ஊரு, கடலூர் தாண்டிட்டோமா? பாருங்க, வேகத்தடையில எப்படித் தூக்கிப் போடறான். ஃபேனுக்கு ஒண்ணும் ஆகலையே?

அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழிக்குக் கொண்டு வந்தேன். சரி சார், பயிற்சியில போட்ட நாலு டைவோட இன்னும் அஞ்சு போடுங்க, ஒன்பதுலயும் ஜோடி கையெழுத்தோட கொண்டு வாங்க, ஆழம் கோர்ஸுல சேர்த்துக்கறேன்னுச்சு. அது அவங்க டைவ் கடைச் சட்டமாம். சரின்னேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா போயி எட்டு முடிச்சாச்சு. இந்த ஒன்பதாவது, மூணு வாரம் முந்தி.

அன்னிக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி. எங்களோட இன்னும் ரெண்டு பேரு, சென்னைக்காரப் பசங்க. ஜெசிந்தா முன்னாடி போகுது, பசங்க அது பின்னாடி, நாங்க ரெண்டு பேரும் கடைசி. பதினாறு மீட்டர்ல ஒரு பாறை. அந்தப் பாறைக்கு அடியிலேருந்து மணல உதறிக்கிட்டு எழுந்திரிக்குது சார் ஒரு திருக்கை. சாப்பாட்டு மேசைய விடப் பெரிசு. அப்படியே ஜமுக்காளத்த உதறின மாதிரி ஒரு அலை. அடடா. என் ஜென்மத்துல நான் அப்படி ஒண்ணப் பார்த்ததில்ல. அது இடது பக்கமா திரும்பி மெதுவா போகுது, நானும் பின்னாடியே போறேன். அது ஒண்ணும் ஓடல, பயப்படல, வா வான்னு கூப்பிடற மாதிரி போகுது. நானும் ஒரு காலைப்பொழுது பூராவும் போயிருப்பேன்னு தோணுது, கைக்கடிகாரத்துல பார்த்தா பதினாலு நிமிஷம்தான். காத்து அளவு சிவப்புக்கு வந்துடுச்சு. சரின்னு மேல வந்தேன். படகு ஒரு ஓரமா நிக்குது. எல்லாரும் ஏற்கெனவே படகுல இருக்காங்க.

ஏணியப் புடிச்சு ஏறினதும் நான் கேட்ட மொத வார்த்தை, "பார்த்தியா?" அவ்வளவுதான். அந்தத் திருக்கையப் பார்த்தியான்னு ஆசையாக் கேட்டேன். துண்டப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. என்ன நடந்திருக்குன்னா, நான் திருக்கை பின்னாடி போனதும் இவ என்னைக் காணோம்னு மேல வந்துட்டா. ஜோடியக் காணோம்னா ஒரு நிமிஷம் அங்கயே சுத்திப் பார்த்துட்டு மேல வந்துடணும், அது சட்டம், அதத்தான் பண்ணியிருக்கா. நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. மேல வந்தா படகு தூரத்துல இருந்திருக்கு. அவங்க பார்த்து வந்து ஏத்திக்கிட்டாங்க. ஒரு பன்னெண்டு நிமிஷம் மிதந்திருக்கா. ஒண்ணும் ஆகலையே சார். ஏதாவது ஆகியிருந்தா கோவப்படலாம், நியாயம். குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா.

எனக்குக் கோவம் வந்தது எதுக்குன்னா, அவ கால்ல ஒரு ஃபின்தான் இருக்கு. ஃபின்னுன்னா வாத்துக் கால் மாதிரி மாட்டிக்குவாங்களே, துடுப்பு. இன்னொண்ணு இல்ல. அது கடையோட சாமான், நம்மளது கூட இல்ல. எங்கடி போட்டேன்னு கேட்டேன். கடலப் பார்த்துத் திரும்பி உக்காந்துட்டா. ஜெசிந்தா என் புக்க வாங்கி ஆழமும் நேரமும் எழுதிச்சு, கையெழுத்து இடத்துல விரல வச்சு, இது மேடம்தான் சார் போடணும்னு சொல்லிட்டு மூடிக் குடுத்துடுச்சு.

அன்னிக்கு சாயங்காலமே புக்கையும் பேனாவையும் அவ முன்னாடி வச்சேன். பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தா. புக்க ஓரமாத் தள்ளி வச்சுட்டு உரிக்கறா. சரி, கோவமா இருக்கான்னு விட்டுட்டேன். மறுநாள் அவ சாப்பாட்டுப் பை மேல வச்சேன். பையில இருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டுப் போயிட்டா. ஒரு வாரம் கழிச்சு நேரா கேட்டேன். ஏம்மா, என் கூட நீ இறங்கினியா இல்லியா? இறங்கினேல்ல? அதுக்குத்தானே கையெழுத்து? அப்பத்தான் வாயத் தொறந்தா. "அன்னிக்கு உங்க கூட யார் இருந்தாங்களோ அவங்ககிட்ட வாங்கிக்குங்க."

திருக்கை மீன்கிட்டயா சார் போயி கையெழுத்து வாங்க முடியும்?

நீங்க சிரிக்கறீங்க. எனக்கு வயிறு எரியுது. அவ புக்கயும் எடுத்துப் பார்த்தேன். அதே டைவ், அதே தேதி. ஜோடிங்கற இடத்துல ஒரு கோடு இழுத்து வச்சிருக்கா. யாருமில்லையாம். நான் அங்கதானே இருந்தேன்? அதே கடல், அதே பாறை. குடு, நான் போடறேன் கையெழுத்துன்னேன். வெடுக்குனு புடுங்கி உள்ள வச்சுட்டா. ஆழம் கோர்ஸுக்கு வேற ஜோடியப் பார்த்துக்குங்க, நான் இனிமே உங்க கூட இறங்கறதா இல்லன்னுட்டா. அது கோவத்துல சொல்றது. கையெழுத்தப் போட்டுட்டான்னா எல்லாம் சரியாயிடும்.

இப்படித்தான் சார் சின்ன விஷயத்தப் பெரிசு பண்ணுவா. கல்யாணமான புதுசுல விழுப்புரம் ஸ்டேஷன்ல தண்ணி புடிக்க இறங்கினா. வண்டி கிளம்பிடுச்சு. நான் பக்கத்துல இருந்தவர்கிட்ட நல்லா பேசிக்கிட்டு வர்றேன், இப்ப உங்ககிட்டப் பேசற மாதிரி. திண்டிவனத்துல டீ வாங்கும்போதுதான் பார்க்கறேன், ஆளக் காணோம். அப்புறம் அடுத்த வண்டியில வந்து சேர்ந்தா. நான் எத்தனையோ பேர்கிட்ட இதச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவ இன்னி வரைக்கும் சிரிச்சதில்ல.

ஆ, வண்டிக் கதை. மறந்துட்டேன் பாருங்க.

போன ஞாயித்துக்கிழமை அவ அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. எனக்கு மறுநாள் பதினோரு பசங்களுக்கு டெஸ்டு, நான் வரல, நீ பஸ்ஸுல போயிட்டு வந்துடுன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை காலையில நடந்துட்டு வந்து பார்க்கறேன், வாசல்ல வண்டியக் காணோம். வெள்ளைக் கலர், அஞ்சு வருஷமா கீறல் படாம வச்சிருக்கேன். திருட்டுன்னே முடிவு பண்ணிட்டேன். வண்டி புக்க எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன் சார், செருப்பு கூட மாத்திப் போட்டுக்கிட்டு. வழியில நம்ம ஸ்கூல்ல இருக்கற கலியமூர்த்தி வந்து கையப் புடிச்சு நிறுத்தறான். பதினஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கான், நம்ம கார்ல சொல்லிக் குடுக்கறவன். அண்ணே, அண்ணிதான் எடுத்துட்டுப் போனாங்கங்கறான்.

உங்க அண்ணிக்கு ஓட்டவே தெரியாதேடான்னேன்.

தெரியும்ணேங்கறான். தரையப் பார்த்துக்கிட்டே சொல்றான். மூணு மாசமா சாயங்காலம் நாலு மணிக்கு அவன்தான் சொல்லிக் குடுத்திருக்கான். நம்ம ஸ்கூல்ல, நம்ம வண்டியில, நம்ம தெருவுலேருந்து. டெஸ்டு போட்டு, ஒரே தடவையில பாஸாகி, லைசென்ஸும் வந்துடுச்சு. நான் அவளுக்கு ஏன் சொல்லிக் குடுக்கலன்னு கேப்பீங்க. எதுக்கு சார்? நான்தான் இருக்கேனே. எங்க போகணும்னாலும் நான் கொண்டு போய் விடமாட்டேனா?

எனக்குத் தெரியாம எப்படிடா பண்ணினேன்னு அவன் சட்டையப் புடிச்சேன். அவன் ஆபீஸுக்குப் போயி ஃபைல எடுத்துக்கிட்டு வந்து காட்டறான். எங்க ஸ்கூல்ல படிச்சு முடிச்சவங்களுக்கு, இவரு இத்தனை நாள் எங்ககிட்ட ஒழுங்காப் பயிற்சி எடுத்தாருன்னு ஓனர் கையெழுத்துப் போட்டு ஒரு சர்ட்டிபிகேட் குடுக்கணும். அது இருக்கு. அதுல பூங்கோதை, கணவர் பெயர் குணசீலன், எங்க வீட்டு விலாசம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நீலச் சேலையில நேரா என்னையே பார்த்துக்கிட்டிருக்கா. கீழ கையெழுத்து. யாரோடதுங்கறீங்க? என்னோடது.

கையெழுத்துக்குன்னு தெனம் முப்பது நாப்பது பேப்பர் வருது சார். கலியமூர்த்தி கட்டு கட்டா வைப்பான், நான் போன்ல பேசிக்கிட்டே போட்டுத் தள்ளுவேன். ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துக்கிட்டிருந்தா கடைய நடத்த முடியுமா?

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அதத்தான் நான் அவகிட்டக் கேக்கப் போறேன், பஸ் ஏறினதுலேருந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு வர்றேன். உனக்குத் தேவைப்பட்டப்ப நான் கையெழுத்துப் போட்டேனா இல்லியா? யாரு என்னன்னு பார்த்தேனா? ஒரு கேள்வி கேட்டேனா? பார்க்காம கொள்ளாம போட்டேன்ல? நான் உனக்குப் போட்டேன், நீ எனக்கு ஒண்ணு போடக் கூடாதா? இதுக்கு அவ என்ன பதில் சொல்லுவா? சொல்லட்டும் பார்க்கலாம். வளைகாப்பு முடிஞ்சு நாலு நாளாச்சு, எப்ப வர்றேன்னு ஒரு போன் இல்ல. நேத்து நானே பண்ணினேன். நாளைக்கு வர்றேன்னேன். எத்தனை மணி பஸ்ஸு, ஸ்டாண்டுக்கு வர்றேன்னா. வச்சுட்டா.

சார், உங்ககிட்ட பேனா இருக்குமா? அவசரத்துல எடுத்துட்டு வரல. கையெழுத்து வாங்கப் போறவன் பேனா இல்லாம போறேன் பாருங்க. ரொம்ப நன்றி. இறங்கும்போது வாங்கிக்குங்க, அங்கயே அவ போட்டுட்டான்னா சோலி முடிஞ்சுது.

என்ன சார்? என்ன கேட்டீங்க? சத்தத்துல காதுல விழல.

ஒரு ஃபின்னோடயா மேல வந்தாங்கன்னா?

ஆமா, ஒண்ணுதான் இருந்துது. இடது கால்ல. வலது கால்ல இல்ல. அதத்தான் சொன்னேனே, தொலைச்சுட்டா.

இல்ல சார், மேல வந்தப்புறம் கழண்டிருக்கும். ஏணியில ஏறும்போது கழட்டுவோம், அப்ப நழுவியிருக்கும். இல்ல. அவள ஏணியில ஏத்தல. படகுக்காரரும் ஜெசிந்தாவுமா கையப் புடிச்சுத் தூக்கினாங்கன்னு அந்தச் சென்னைப் பசங்க பேசிக்கிட்டாங்க. அப்படின்னா கீழயேதான் போயிருக்கும். பாறையில சிக்கியிருக்குமோ? அந்தப் பாறைக்கு அடியில வலை கிழிஞ்சு கிடக்கும், மீனவங்க விட்டது. அதுல கால் மாட்டிச்சுன்னா ஒரு ஆளு பக்கத்துல இருந்து அறுத்து விடணும். அதுக்குத்தான் ஜோடிக்கு ஒரு கத்தி குடுத்து விடுவாங்க. கத்தி என்கிட்ட இருந்துது.

அது நடந்துதுன்னு நான் சொல்லல சார். எனக்கு எப்படித் தெரியும்?

கேக்கல. நீங்க கேக்கறது சரிதான். எங்கடி போட்டேன்னு கேட்டேன். என்ன ஆச்சுன்னு கேக்கல. மூணு வாரமாச்சு. அவகிட்டயும் கேக்கல, அந்தப் பொண்ணுகிட்டயும் கேக்கல. பயந்துக்கிட்டு மேல வந்துட்டான்னு நானே வச்சுக்கிட்டேன். பயப்படற ஆளில்ல அவ. தண்ணிக்குள்ள அப்படி நிக்கறவ.

இது புதுச்சத்திரமா? தாண்டியாச்சா? நான் பார்க்கவேயில்ல.

நீங்க ஏன் சார் பேசாம வர்றீங்க? ஏதாவது சொல்லுங்க. நானே பேசிக்கிட்டு வர்றேன். ஃபேன் யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க? பொண்ணு ஹாஸ்டலுக்கா? நல்லது. என்ன படிக்குது? நல்லது, நல்லது.

வந்துட்டோம். ஸ்டாண்டுக்குள்ள எப்படித் திருப்பறான் பாருங்க. அதோ, அந்த டீக்கடைக்குப் பக்கத்துல வெள்ளை வண்டி தெரியுதா? எங்களுதுதான். ரிவர்ஸ்ல போட்டிருக்கா. கோணலில்லாம, கதவு தொறக்க இடம் விட்டு. டிரைவர் சீட்டுலதான் உக்காந்திருக்கா. இந்தப் பஸ் உள்ள வர்றதக் கண்ணாடியிலயே பார்த்துட்டா பாருங்க, திரும்பறதுக்கு முன்னாடியே.

அப்ப நான் இடது பக்கம் உக்காரணும். ஸ்கூல் வண்டின்னா அந்தப் பக்கமும் பிரேக் இருக்கும். இது வீட்டு வண்டி சார். அந்தப் பக்கம் வெறும் கால் மேட்டுதான். அவ பாட்டுக்கு ரோட்டுல எதையோ வேடிக்கை பார்த்துக்கிட்டு ஓட்டினான்னு வச்சுக்குங்க, எனக்குக் காலுக்கடியில ஒண்ணுமே இருக்காது.

ஒண்ணுமே இருக்காது சார்.

உங்க ஃபேனப் புடிங்க. அந்த நோட்டக் குடுங்க. இந்தாங்க உங்க பேனா. இல்ல, எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க. மொதல்ல போயி அந்த ஃபின்னப் பத்திக் கேக்கறேன். எங்க போட்டேன்னு இல்ல. எப்படிப் போச்சுன்னு.